ரொசாலியா மலையில் கழற்றிய சப்பாத்து

பலேர்மோவின் வியா மக்வேதா வீதியில், நான் வீட்டுவேலை செய்யும் இத்தாலிய அம்மா சினியோராவின் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சில்வியா அழைத்தாள். எங்கள் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் பழைய கப்டன் அவள். "டானா நம்மை விட்டுப் போய்விட்டாள்" என்றாள். அமெரிக்காவில், தன் ஊரில், பல மாதம் நோயோடு கிடந்தாளாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது.

பலேர்மோத் தமிழர் உங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளது ஆட்டம் பார்க்க வந்தவர்கள். அமெரிக்கத் தொழில்முறை அணியில் நெடுங்காலம் நடுக்களத்தில் ஆடியவள். அந்த அணி கலைந்தபின் சுவீடனில் ஆடி, முப்பத்துநாலு வயதில் பலேர்மோவின் சின்ன அணிக்கு வந்து சேர்ந்தாள். நான் அப்போது அந்த அணிக்கு உடுப்புத் தோய்க்கிற வேலையில் இருந்தேன். பந்து வருமுன் இரண்டு தோளுக்கு மேலாலும் திரும்பிப் பார்ப்பது அவள் வழக்கம். "ஆரையடி தேடுறாள் உவள்?" என்று நம்மவர் பகிடி பண்ணுவார்கள். நான் கேட்டதற்கு, "பந்து வந்தபிறகு பார்க்க நேரம் இருக்காது, அக்கா" என்றாள்.

அவளுடைய கடைசி ஆட்டத்தில் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும். அவளுக்கோ ஒரு மாதமாக வலது முழங்காலில் நோவு. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ரொசாலியா அம்மாவுக்கு நேர்ந்து வெறுங்காலோடை மலை ஏறு, எல்லாம் மாறும்" என்றேன். நான் முருகனைக் கும்பிடுகிறவள்தான்; ஆனாலும் இந்த ஊரின் காவல் புனிதையான அவளின் கோயில் மலை ஏறாத தமிழர் இங்கே யார்? டானா சிரித்தாள். "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. உன்னை நம்புகிறேன்" என்றாள்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ஏறினோம். இறங்கும்போது முழங்கால் வீங்கிவிட்டது, பாதமும் சப்பாத்துக்குள் போகவில்லை. என் செருப்பைப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். சப்பாத்து என் பையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் அணியின் வைத்தியர் காலைப் பார்த்துக் கத்தினார். தோய்த்த காலுறைகளோடு நான் வாசலில் நின்றேன். உண்மை தெரிந்தால் என் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்கும் அனுமதி, புதுப்பிக்க முடியாது, பிள்ளைகளோடு நடுத்தெருவில்தான். டானா தோளுக்கு மேலால் என்னை ஒருமுறை பார்த்தாள். "வீட்டுப் படியில் வழுக்கிவிட்டேன்" என்றாள். நான் வாய் திறக்கவில்லை.

காலைக் கட்டிக்கொண்டு ஆடினாள். ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே போதும். முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் அவளுக்கு ஒரு பந்து வந்தது. வலப்பக்கம் திரும்ப முழங்கால் விடவில்லை. முதல்முறையாகப் பின்னால் பார்க்காமல் பந்தை வாங்கினாள். பின்னாலிருந்து எதிரணிக்காரி ஒருத்தி பறித்துப்போய்க் கோல் அடித்தாள். தோற்றோம், அணி கீழே இறங்கியது. "படியில் கூடக் கவனமாக நடக்கத் தெரியாதவள்" என்று சில்வியா எல்லோர் முன்னும் ஏசினாள். நீங்களும் ஏசினீர்கள்.

"நான் உண்மையைச் சொல்லிப்போடுறன்" என்று டானாவிடம் சொன்னேன். "முதலில் உன் பெர்மெஸ்ஸோ வரட்டும்" என்றாள். அது வந்தது. அதற்குள் அவள் தன் ஊருக்கு விமானமேறிவிட்டாள். நான் பிறகும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"பாவம், அந்தப் படிதான்..." என்று சில்வியா தொலைபேசியில் தொடங்கினாள். அடுப்பை நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "அந்தச் சப்பாத்து இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. அவளுடையதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வரும் ஞாயிறு மைதானத்துக்குக் கொண்டுவருகிறேன். நீங்களும் வாருங்கள். அன்று அவளை ஏசியவர்கள் என்னை ஏசலாம்.