நாலாவது மாடிவரை கேள்வி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் எட்டு வயது வக்கீல்; சின்னவள் ஆறு வயது வாயாடி. பட்டப்பெயர்கள்தாம், ஆனால் சும்மா வைத்தவை அல்ல. எறும்பு தூங்குமா, தண்ணீருக்கு ஏன் நிறமில்லை, அப்பா மீசை ஏன் தலைமுடி அளவுக்கு வளரவில்லை என்று இரண்டும் சேர்ந்து மனுஷியின் உயிரை எடுத்துவிடும்.

அதனால் அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். கேள்வியெல்லாம் படிக்கட்டில்தான். வேலை முடிந்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, முதல் படியில் கால் வைத்தால் ஆரம்பம்; நாலாவது மாடியில் வீட்டுக் கதவு திறந்தால் முடிந்தது. அப்புறம் வாயைத் திறப்பது சோற்றுக்கு மட்டும். லிஃப்ட் வைக்காமல் கட்டடம் கட்டின புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்!

சில மாதங்களாக இரண்டாவது மாடியிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

"என்னம்மா?" என்பான் வக்கீல்.

"இருடா, பதில் யோசிக்கிறேன்" என்று சமாளிப்பாள். நாள் முழுக்க நிற்கிற வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்று தனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டாள். டாக்டர் எதையாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேறு. புருஷனிடம்கூட வாய் திறக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவன் கரண்டியும் கையுமாகக் கதவைத் திறந்தான். வாயாடி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, இன்னிக்குப் பதினொண்ணு!"

"என்ன பதினொண்ணு?"

"கேள்விப்பா! முன்னாடி அஞ்சு கேக்கறதுக்குள்ள வீடு வந்துடும். ஸ்கூல் திறந்தப்ப ஏழு. இப்ப பதினொண்ணு. எங்களுக்காக அம்மா மெதுவா ஏறுறாங்க. அம்மா ரொம்ப நல்லவங்க!"

குட்டு உடைந்ததும் அவளுக்குப் பகீரென்றது. கடைசி மாடியில் சுவரோடு சாய்ந்து இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லைங்க..."

"ஒண்ணுமில்லைன்னா பதினொண்ணு எப்படி வந்துச்சு?" என்றான் அவன்.

மறுநாள் விடிந்ததும் அவளை இழுத்துக்கொண்டு போனான். டாக்டரம்மா இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். சோதனைத் தாளைப் பார்த்தார். அப்புறம் போட்டார் ஒரு போடு.

"உடம்புல பாதி ரத்தம்கூட இல்லையேம்மா! இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இதயத்தையே பாதிச்சிருக்கும். யார் கவனிச்சது?"

"என் சின்னப் பொண்ணு டாக்டர். எண்ணிக்கிட்டே வந்திருக்கா" என்றான் புருஷன்.

ரத்தம் ஏற்றினார்கள். மூன்று மாதம் மாத்திரை. நான்காம் மாதம் ஒரு சாயங்காலம், பேசிக்கொண்டே ஏறியவள் எங்கும் நிற்காமல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அவளுக்கே ஆச்சரியம். திரும்பிப் பார்த்தால் வாயாடியின் உதடு பிதுங்கியிருந்தது.

"நாலுதான் ஆச்சு. நீ ஏம்மா இவ்வளவு வேகமா ஏறுற?"

"உடம்பு நல்லாயிடுச்சுடி, அதான்."

"எனக்கு இன்னும் நிறைய இருக்கே!"

வக்கீலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இந்த வாயை அடக்கத்தானே சட்டம் போட்டேன், இந்த வாய்தானே என்னைப் பிழைக்க வைத்தது என்று நினைத்தாள் அவள். பையைக் கழற்றி, கதவைத் திறந்த புருஷன் கையில் கொடுத்தாள்.

"வாங்க, கீழ போய் மறுபடி ஏறலாம்."

"சாப்பாடு ஆறிடும்" என்றான் அவன்.

"ஆறட்டும்ங்க."

வாயாடி அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். "இறங்கும்போதும் கேக்கலாமாம்மா?"

"கேளுடி என் தங்கம்."