சக்திமான் லாரியின் டீசல் பம்ப்

மந்தாரக்குப்பத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். தைரியநாதன் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் காண்ட்ராக்ட் மெக்கானிக். பர்மனென்ட் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று பார்த்தே அறுபதைத் தாண்டினான். வேலை நின்ற பிறகு அவனைப் பிடித்த பைத்தியம் பழைய ராணுவ லாரி.

சென்னைக்காரர் ஒருவர், ராணுவ ஏலத்தில் எடுத்த சக்திமான் லாரியை அவன் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கினார். வருஷா வருஷம் தை மாதம் நடக்கும் பழைய வண்டிகளின் அணிவகுப்பில் அது ஓட வேண்டும். ஒரு நட்டுகூட டூப்ளிகேட்டாக இருக்கக் கூடாது என்பது பேச்சு. நாலு வருஷம் அலைந்தான். ஸ்டியரிங் பண்ருட்டியில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஹெட்லைட்டுக்குத் திருச்சி வரை போனான்.

"தொலைஞ்ச ஆட்டத் தேடுன மேய்ப்பன்கூட இவ்ளோ அலைஞ்சிருக்க மாட்டாரு" என்பாள் அவன் மனைவி அன்னாள்.

இன்ஜினுக்கு டீசல் தள்ளும் பம்ப் மட்டும் அகப்படவில்லை. அது இல்லாமல் அவ்வளவு பெரிய லாரி வெறும் பொம்மை.

கடைசியில் போன கார்த்திகையில், சேத்தியாத்தோப்புப் பக்கம் பெரியநாயகி என்பவளின் குத்தகை வயலில் கண்டுபிடித்தான். அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது வாங்கிப்போட்ட சக்திமான் இன்ஜின் அங்கே போர்வெல்லில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. பம்ப் அசல்.

"புதுசு மாட்டிக் குடுத்துட்டு இத எடுத்துக்கினு போண்ணே. எனக்குத் தண்ணி வந்தாப் போதும்" என்றாள்.

புதுசை என் கடையில்தான் வாங்கினான். அன்று அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. மறுவாரம் லாரி உறுமிக் கிளம்பியபோது, வெட்கமில்லாமல் அழுதான்.

மார்கழி முடிவில் பெரியநாயகி போன் செய்தாள். "இன்ஜின் நின்னுப்போச்சிண்ணே. மழயும் இல்ல. பயிரு பால் புடிக்கிற நேரம்."

இரண்டு தடவை போய்ச் சரிசெய்தான். மூன்றாம் தடவை புதுப் பம்ப் அடியோடு இறுகிவிட்டது. திரும்பி வந்தவன் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"சுரங்கத்துல எப்பவும் நிக்கிற மிசினுலேர்ந்து கழட்டித்தான் ஓடுற மிசினுக்கு மாட்டுவோம். முப்பது வருசத்துல ஒரு நாளும் மாத்திச் செஞ்சதில்லடா. இப்ப ஓடுறதுலேர்ந்து கழட்டி நிக்கிறதுக்கு மாட்டிட்டேன்" என்றான்.

"வேற பம்ப் வர மாசமாவும். அணிவகுப்புக்குப் பன்னெண்டு நாள்தானே இருக்குது. முடிஞ்சதும் குடுத்துடு."

"நெல்லு பன்னெண்டு நாளு காத்துக்கினு இருக்குமா?"

அன்று மத்தியானமே லாரியிலிருந்து பம்ப்பைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். வயலில் தண்ணீர் பாய்ந்தது. பொங்கல் கழிந்து சென்னைக்காரர் டிரெய்லரோடு வந்தார். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு லாரியை ஏற்றிப் போனார்.

இப்போது ஸ்பேனரைத் தொடுவதில்லை. கேட்டால், "சலிச்சிப்போச்சிடா" என்கிறான். எல்லாத் தப்பும் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த டூப்ளிகேட் பம்ப் இரண்டு மாதம்கூடத் தாங்காது என்பது விற்கும்போதே எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவன் வயல் இன்ஜினில் கை வைத்திருக்கவே மாட்டான். அந்தச் சந்தோஷ முகத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. தினமும் கடைக்கு வந்து அதே ஸ்டூலில் உட்காருகிறான். இன்னும் நான் சொல்லவில்லை.