இரண்டு மணி, மூச்சு இருபது

இது நள்ளிரவில் நடந்ததல்ல. பட்டப்பகலில், இருபத்திரண்டு பேர் படுத்திருந்த வார்டில் தொடங்கியது. ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. என்னை நல்லவளாகக் காட்டும் இடம் இதில் ஒன்றுமே இல்லை. பொய் சொல்வதென்றால் அதையாவது சேர்த்திருப்பேன்.

நர்சிங் இரண்டாம் ஆண்டு. ஆறு வாரத்துக்கு ஒரு துறை என்று எங்களைச் சுற்றிவிடுவார்கள். எனக்கு முதலில் பொது மருத்துவ வார்டு. போன முதல் நாளே ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்தார்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும்.

பதினான்காம் கட்டிலில் இருந்த தையல்காரம்மாவிடம் அந்தத் தந்திரம் ஒரு நாளும் பலிக்கவில்லை.

"மூச்சைத்தானே எண்ணுற?"

"இல்லம்மா, நாடி..."

"முப்பது வருஷம் டேப்பைக் கழுத்துல மாட்டினவ நான். அளவு எடுக்கிறவ யாரு, எடுக்கிற மாதிரி நடிக்கிறவ யாருன்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு அது எங்களுக்குள் விளையாட்டாகிவிட்டது. கையை விட்டதும் கேட்பார், "எண்ணிட்டியாம்மா?" நான் குனிந்து ரகசியம்போல எண்ணிக்கையைச் சொல்வேன். "அளவெடுக்காம வெட்டினா துணியோட போச்சு. எண்ணாம எழுதினா..." என்று சிரிப்பார். மிச்சத்தைச் சொல்லமாட்டார்.

ஒரு சீனியர் அக்கா வேறு பாடம் சொன்னாள். "எல்லாருக்கும் இருபதுன்னு போடுடி. இருபதுன்னா எந்த டாக்டரும் ஏன்னு கேக்கமாட்டார்."

ஐந்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. மறுநாள் பரீட்சை. இரண்டரைக்கு டூட்டி முடியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டிய கட்டில்கள் பதினொன்று. நான் மேஜையைவிட்டு எழுந்திருக்கவில்லை. பதினொரு தாளிலும் நாடியை ஆளுக்கொன்றாக மாற்றி மாற்றிப் போட்டேன். மூச்சு மட்டும் இருபது, இருபது, இருபது.

மணி 2.05. அட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டில் காலில் மாட்டிக்கொண்டு வந்தேன். தையல்காரம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். போர்வை தோள்வரை.

"எண்ணிட்டியாம்மா?"

திரும்பவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் காய்ந்திருந்தது.

"ஆச்சும்மா. இருபது."

சிரிப்பு வரவில்லை. கோபமோ என்று நினைத்துக்கொண்டே போய்விட்டேன்.

மறுநாள் காலை அந்தக் கட்டிலில் மெத்தை இல்லை. வார்டு சிஸ்டர் நிமிராமல் சொன்னார், "நேத்து மூணு மணிக்குப் போயிட்டாங்க." சொல்லும்போது தன் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணி. நான் எழுதி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கையைத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். எண்ணியிருந்தால் ஓடிப்போய் யாரையாவது கூப்பிட்டிருப்பேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பரீட்சையில் நல்ல மதிப்பெண்கூட வந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் திருடிய பொருளைப் பார்ப்பதுபோல இருந்தது. நான் கொன்றேனா, இல்லையா... இந்த ஒரு கேள்வியோடுதான் தூங்கினேன், எழுந்தேன்.

அடுத்தது அறுவை சிகிச்சை வார்டு. அங்கே எல்லோருக்கும் முழு நிமிடம் எண்ணினேன். முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். மதியம் இரண்டு மணிக்கு நோயாளியின் கையைப் பிடித்தால், என் கை குளிரும். மணிக்கட்டின் உள்பக்கம் மட்டும், மூன்று விரல் அகலத்துக்கு. கடிகாரத்தை நான் சட்டையில்தான் குத்தியிருப்பேன். கையில் வளையல்கூடக் கிடையாது.

பிறகு கண் வார்டு. கட்டுப் போட்ட கண்களோடு வரிசையாக எட்டுப் பேர். அதில் ஒருவர் பஸ் டிரைவர்.

"சிஸ்டர், கூட வர்றது யாரு?"

"யாரும் இல்லண்ணே."

"கண்ணைத்தானே கட்டியிருக்கீங்க, காதைக் கட்டலையே. ரெண்டு பேர் நடை கேக்குது. ஒண்ணு ஷூ. இன்னொண்ணு வெறுங்கால்."

பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார், "முணுமுணுன்னு எண்ணிக்கிட்டு வேற வர்றாங்க."

நான் கேட்டேன், "எத்தனை வரைக்கும்?"

"இருபது. அதோட நிறுத்திடுறாங்க."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 2.04.

குழந்தைகள் வார்டுக்கு வந்து ஒன்பதாம் நாள். நிமோனியா வந்த எட்டு மாதக் குழந்தை. அம்மாக்காரி நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். மணி சரியாக இரண்டு. குழந்தையின் வயிற்றைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன்.

ஒன்று... இரண்டு... மூன்று...

பத்து வரும்போது மணிக்கட்டில் குளிர்.

பதினைந்தில், என் பின்னால் இன்னொரு குரல். என்னோடு சேர்ந்து எண்ணியது.

பதினெட்டு... பத்தொன்பது...

இருபது.

குரல் நின்றது.

குளிர் இறுகியது. மூன்று விரல். நடுவிரல் நுனியில் ஒரு காய்ப்பு. ஊசி குத்திக் குத்திக் காய்த்த இடம்...

கழுத்தருகே, காய்ந்த குரல்.

"எண்ணிட்டியாம்மா?"

நான் திரும்பவில்லை.

"இல்லம்மா," என்றேன். "அன்னிக்கு எண்ணல."

பிடி விடவில்லை.

"நான் பொய் சொன்னேன்."

விட்டது.

மணிக்கட்டில் மூன்று வெள்ளைத் தடங்கள். குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. முதலிலிருந்து எண்ணினேன். நாற்பத்தாறு. எழுதினேன்.

அன்று மாலை நேராகப் பழைய வார்டுக்குப் போனேன். படிப்பை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினாலும் சரி என்று வார்டு சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணாமல் எழுதியதை மட்டும்தான். குளிரை, குரலைச் சொல்லவில்லை.

சிஸ்டர் பழைய தாள்கள் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போய், ஒரு கட்டை உருவி என் முன் பிரித்தார்.

"இந்த மூணரை மாசமா இதையா தலையில சுமந்துகிட்டுத் திரியிற? படிச்சுப் பாரு. மூணு மணிக்கு டாக்டர் எழுதினது."

படித்தேன். உடல் குளிர்ந்திருந்தது. தாடை, கழுத்து, கைகள் விறைத்திருந்தன. உயிர் பிரிந்து குறைந்தது நான்கு மணி நேரம்.

"பதினோரு மணிக்கு முன்னாடியே போயிட்டாங்க. தூங்குறாங்கன்னு நெனச்சு சாப்பாட்டுத் தட்டைக்கூட அப்படியே எடுத்துட்டுப் போயிருக்காங்க. நீ எண்ணியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. போம்மா. போய்த் தூங்கு."

நான் கொல்லவில்லை. அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது. அதன் பாதியில்தான் அது உறைத்தது.

பதினோரு மணிக்கு முன்.

"சிஸ்டர்... ரெண்டு மணிக்கு அவங்க என்கிட்ட பேசினாங்க."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்கு வேறொரு மாணவி எண்ணி எழுதியது: மூச்சு இருபத்தெட்டு. கடைசி வரி, இரண்டு மணி, என் கையெழுத்து: இருபது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி. பன்னிரண்டு மணி. அதிலும் இருபது.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்.

நிமிர்ந்தேன். சிஸ்டர் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் கன்றிச் சிவந்திருந்தது. அதன் நடுவே வெள்ளையாக மூன்று தடங்கள்...

"உன்கிட்டயும் கேட்டாங்களா?" என்றார்.