எஸ்தரின் அப்பாவைப் பார்க்கப் போனது

உடம்பு இளைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி இப்போதெல்லாம் கொள்ளு வேகவைத்துக் குடிக்கிறேன். உடம்பு இளைக்கிற வழியைக் காணோம். ஆனால் குக்கரைத் திறந்ததும் எழுகிற அந்த வாடை என்னைக் கிண்டியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. ரேஸ் குதிரை லாயத்தின் பின்வாசலில் அன்று அடித்த அதே வாடை.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். திருவள்ளூரில் அண்ணன் வீடு இருந்தது. அங்கே அண்ணியும் இருந்ததால் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் அருகே தனியறை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளிருக்காது. துவைத்த புடவையையே மறுபடி துவைப்பேன். அதனால், பேக்கிங் பிரிவில் வேலை செய்த எஸ்தர், “கிண்டி வரைக்கும் கூட வர்றியாக்கா?” என்றபோது எதற்கென்றுகூடக் கேட்கவில்லை.

அத்திப்பட்டில் என் ரயில்பெட்டியில் ஏறியவள் வழியில்தான் சொன்னாள். அவளுடைய மூன்று வயதில் வீட்டைவிட்டுப் போன அப்பா, ரேஸ் லாயத்தில் குதிரை பார்த்துக்கொள்கிறாராம். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

“சர்ச்சுல கையப் புடிச்சி இட்டுக்கினு போவ அப்பா வோணுங்கா.”

ரேஸ் என்றால் கொடியும் கூட்டமும் தொப்பி வைத்த துரைமார்களும் என்று நினைத்து, இருந்ததில் நல்ல பட்டுப்புடவையைக் கட்டிப் போயிருந்தேன். அன்று ரேஸே இல்லை. பின்வாசலில் சாணி மிதித்ததுதான் மிச்சம். காவலாளி கைகாட்டிய பக்கம், நரைத்த மனிதர் ஒருவர் செம்பழுப்புக் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எஸ்தர் கிட்டே போனாள்.

“பின்னால நிக்காதம்மா, ஒதைச்சிடும். எந்த ஊரு?”

“அத்திப்பட்டு.”

தேய்த்த கை நின்றது. “அங்க எனக்கும் ஒரு ஊடு இருந்துச்சி.”

“இப்போ?”

“இப்போ இதுதாம்மா.” குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். “இன்னா விசயமா வந்தீங்க?”

“சும்மா. குதிரை பாக்க வந்தோம்.”

நான் சொல்ல வாயெடுத்தேன். எஸ்தர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

பக்கத்து மான் பூங்காவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். மான்கள் எங்களைச் சட்டை செய்யவில்லை. “ஏன்டி சொல்லல?” என்றேன்.

“நான்தான்னு சொன்னா அவரு சந்தோசப்படணும்கா. படலைன்னா இன்னா பண்றது?” என்றாள். பிறகு அழுதாள். பட்டுப்புடவை முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

மனசு கேட்காமல் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் தனியாகப் போனேன். சீசனுக்குக் குதிரைகளோடு ஊட்டி போய்விட்டார் என்றார் காவலாளி. அங்கே போகிறவர்களிடம் கொடுத்தனுப்பச் சொல்லி, ஒரு தாளில் எஸ்தர் பெயரையும் சர்ச் பெயரையும் கல்யாணத் தேதியையும் எழுதிக் கொடுத்தேன். எஸ்தரிடம் இதைச் சொல்லவில்லை. கல்யாணத்தன்று, மாமா கையைப் பிடித்து அவள் உள்ளே நடந்தபோது நான் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.

அவள் புருஷனோடு வடக்கே போனாள். இரண்டு கடிதம் வந்தது; மூன்றாவது வரவில்லை. கம்பெனி மூடி, அந்த இடத்தில் வேறென்னவோ கட்டிவிட்டார்கள். அந்தத் தாள் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா, போய்ச் சேர்ந்தும் வராமல் இருந்தாரா என்று கேட்பதற்கு இன்று ஒருவருமில்லை.