இழுத்தால் பிரியும் தையல்

ஷூவை இரண்டு கைகளாலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்குகிறாள். முறுகவில்லை. அடுத்துத் தோள்பையிலிருந்து சைக்கிள் பெடல் ஒன்றை எடுத்து ஷூவின் அடியில் வைத்துத் தேய்க்கிறாள். கடைக்காரர் ஓடி வருகிறார்.

"அம்மா, புது ஷூம்மா அது! இரும்ப வச்சு உரசுறீங்களே, அப்புறம் யாரு வாங்குவா?"

"நான்தான் வாங்கப்போறேன். வழுக்கினா நீங்களா வந்து விழப்போறீங்க? போன தடவை நீங்க குடுத்த ஷூவோட ஓரம்தான் நேத்து என் பெடல் வாரை அறுத்துச்சு."

"ஷூ எப்படிம்மா அறுக்கும்? அது என்ன கத்தியா?"

"கத்தியா இருந்தா உறையாவது குடுத்திருப்பீங்க."

கடையில் இருக்கும் நாலு பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

வேலையிடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பல்செட் செய்யும் கூடத்திலிருந்து பல் மருத்துவர்களிடம் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. "ஊர்ல பாதிப் பேரு சிரிப்பு என் முதுகுலதான் போகுது" என்பாள். அதைச் சொல்லும்போதும் சிரிக்க மாட்டாள்.

அவள் சைக்கிளில் சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். இறக்கத்தில் காலை ஓய்வாக வைத்துக்கொண்டு உருள முடியாது. "கால் ஓஞ்சா புத்தி எங்கயாவது மேயப் போயிடும்" என்று அதற்கும் காரணம் வைத்திருந்தாள். கை பிரேக் ஒன்று உண்டு, பேருக்குத்தான். வேகத்தை அடக்க வேண்டுமென்றால் சுற்றுகிற பெடலுக்கு எதிராகக் கால் போட வேண்டும்: ஒரு கால் அழுத்த, மற்றது மேலே இழுக்க வேண்டும். இழுக்கிற காலை விடாமல் பிடித்துக்கொள்வது பாதத்தின் குறுக்கே போகும் வார்தான். சோபா தைக்கிற கணவன் அவளுக்காகத் தைத்துக் கொடுத்த வார். மாலையில் அவள் வீட்டுச் சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் நிற்பாள்; அவன் வந்து குனிந்து வாரின் பக்கிளைத் தளர்த்துவான். பிறகுதான் இறங்குவாள்.

புது ஷூவோடு வீட்டுக்கு வந்தவள், அறுந்த வாரைப் பையிலிருந்து எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனாள். வார் அறுந்திருக்கவில்லை. தையல் பிரிந்திருந்தது. ஊசித் துளைகளில் மெல்லிய வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டைக்குப் போடுகிற நூல். மூன்று பேர் குதித்தாலும் பிரியாத தடித்த நூலைத் தவிர வேறெதையும் சோபாவுக்குத் தொடாதவன் அவன். மற்றப் பெடலின் வாரை இழுத்தாள். டப்பென்று கையோடு வந்தது.

"இது யாரு வேலை?"

அவனுக்குப் பொய் வராது. "இழுத்தா பிரியட்டும்னுதான் போட்டேன். போன மழையில வாசல்லயே சைக்கிளோட சாஞ்சியே, காலை எடுக்க முடியாம. கை ஒடிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சும்மா. அடுத்த தடவை கால் தானா வந்துடணும்ல?"

"இழுத்துத்தான்யா நான் வண்டிய நிறுத்துறேன்!"

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்பதைத் தவிர வேறு சொல்லாதவள். அவன் கையிலிருந்த அளவு நாடா கீழே விழுந்தது.

"நேத்து இறக்கத்துல எதிர்ல வேன் நிக்குது. இழுக்கிறேன், கால் வெறுமனே மேல வருது. பெடல் நிக்காம சுத்திக் கெண்டைக்கால்ல அடிக்குது. கை பிரேக்கைப் பிடிச்சு, வேன் மேல சாஞ்சு உயிர் பொழைச்சேன். ராத்திரி நான் ஷூவைத் திட்டுறேன், நீ என் காலுக்குக் களிம்பு தடவிக்கிட்டு வாய மூடிட்டு உக்காந்திருக்கே! இன்னைக்கு ஒண்ணும் அறியாத கடைக்காரரை நாலு பேர் முன்னாடி கிழிச்சுட்டு வந்திருக்கேன்."

"உன் நல்லதுக்குத்தான்..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன். அதுக்குத்தான் கேக்கணும்."

அவன் தடித்த நூலை எடுத்து ஊசியில் கோத்தான். அவள் ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். தோலுக்குள் ஊசியை ஏற்ற அவளுக்குப் பழக்கமில்லை. தையல் கோணல்மாணலாகப் போனது. கட்டைவிரலில் இரண்டு இடத்தில் குத்தியது. அவன், ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் அங்குஸ்தானை மேசைமேல் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

மறுநாள் வெயில். ஷூ வழுக்கவில்லை. பல்பெட்டிகளெல்லாம் போய்ச் சேர்ந்தன. அதே இறக்கத்தின் அடியில் அதே வேன் நின்றது. சைக்கிள் அதற்கு வெகுதூரம் முன்னாலேயே நின்றது. ஷூக் கடை வழியாகத்தான் திரும்பினாள். கடைக்காரர் வாசலில் இருந்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு வேகமாக மிதித்தாள்.

மாலையில் வந்து சுவரைப் பிடித்து நின்றாள். அவன் எப்போதும்போல வெளியே வந்தான். குனிந்து பக்கிளில் கை வைத்தான். அவள் அந்தக் கையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, பக்கிளைத் தானே தளர்த்தினாள்.