பிறந்த தேதி கேட்ட பக்கம்

அந்தப் பொறியியல் கல்லூரியின் யூனிக்ஸ் சர்வரைக் கவனித்துக்கொண்டவள் அருமனை ஜினிஷா. பாஸ்வேர்டை மாற்றக் கருப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். மாணவர்களில் பாதிப் பேருக்கு அது பிடிபடாது. அவள் மேஜை முன்னால் வந்து நிற்பார்கள். அதனால் ஒரு வலைப்பக்கம் எழுதிவைத்தாள். பழைய பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்தால் புதியதை வைத்துக்கொள்ளலாம்.

துறைத் தலைவர் சிவபிரசாத்துக்கு அது போதவில்லை. மறந்துபோனவர்கள் பிறந்த தேதியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளட்டும் என்றார். அது ஆபத்து என்று ஜினிஷா சொல்லிப் பார்த்தாள். மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழு வரப்போகிறது, புகாரே இருக்கக் கூடாது என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். அவளுடையது தற்காலிக வேலை. அவர் கேட்டபடியே எழுதிக் கொடுத்தாள்.

பூதப்பாண்டி லட்சுமிப்ரியா அங்கே ஆராய்ச்சி மாணவி. வெயில் மழை பாராமல் குளம் குளமாக ஸ்கூட்டியில் போய் நீர்மட்டம் அளந்தவள். அளந்ததெல்லாம் சர்வரில்தான் இருந்தது. ஒருநாள் காலையில் அவளால் உள்ளே நுழைய முடியவில்லை. ஜினிஷா பார்த்தாள். யாரோ லட்சுமிப்ரியாவின் பிறந்த தேதியைக் கொடுத்து பாஸ்வேர்டை மாற்றி, இருந்ததை முழுக்க அழித்துவிட்டிருந்தார்கள். நகல் எடுக்கும் டிஸ்க் கெட்டுக் கிடந்தது. ஜினிஷா கேட்டும் கல்லூரியில் புதியது வாங்கித் தரவில்லை. செய்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

லட்சுமிப்ரியா கல்லூரிக்கு வருவதை நிறுத்தினாள். ஜினிஷா பூதப்பாண்டிக்குத் தேடிப் போனாள். லட்சுமிப்ரியாவின் அம்மா பகவதியம்மாள் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"எனக்க பொறந்தநாளு லேபுல எல்லாருக்கும் தெரியும்லா அக்கா," என்றாள் லட்சுமிப்ரியா. "அங்கதானே கேக்கு வெட்டினோம். யாரைன்னு சந்தேகப்பட?"

"நான் மாட்டேன்னு நின்னிருக்கணும் மக்கா."

"நீங்க நின்னா வேற ஆளை வச்சு எழுதிருப்பாவ."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஜினிஷாவுக்கு மனம் ஆறவில்லை. மறுபடி அளந்தால் என்ன என்று கேட்டாள். போன மழையை எங்கே போய் அளக்க என்றாள் அவள். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாளாம்.

மறுநாளே ஜினிஷா யாரையும் கேட்காமல் வலைப்பக்கத்திலிருந்து பிறந்த தேதியை எடுத்துவிட்டாள். மறந்தவர்கள் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும் என்று எழுதிப் போட்டாள். சிவபிரசாத் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். இந்தத் தடவை அவள் அசையவில்லை. அந்த வருஷம் முடிந்ததும் அவளுடைய வேலையை நீட்டித்துத் தரவில்லை.

அவள் கல்லூரியை விட்டுப் போன வாரமே வலைப்பக்கம் மறுபடியும் பிறந்த தேதி கேட்கத் தொடங்கிவிட்டது.