அக்கரைக்குக் கொடுத்த பதில்

அமு ஆறு துடுப்புக்கு அடங்காது. குதிரையைப் படகோடு கட்டி நீந்தவிட்டுத்தான் கடக்க வேண்டும். படகு நியாஸ்மிராத்துடையது, குதிரை பிடிக்கிறவன் நான். மனுஷர் வாயாடி, வம்புக்காரர். ஆனால் அக்கரையிலிருந்து யார் கூப்பிட்டாலும் "வர்றேன்" என்று பதில் குரல் கொடுப்பார். குரல் கொடுத்துவிட்டால் எதிரியானாலும் போய் ஏற்றிவர வேண்டும். கூப்பிட்டவரும் நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது. எங்கள் துறையில் அதுதான் வழக்கம்.

நாட்டை ஆண்ட அமீருடைய கடைசி வருஷங்களில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. ஆற்றில் மேலேயும் கீழேயும் பல நாள் பயணத்துக்கு வேறு நல்ல துறை கிடையாது. துறையை ஒட்டிய எங்கள் கோட்டை யார் கையிலோ, ஆறும் அவர்கள் கையில். அதனால் கோட்டைக்காரர்கள் படகுகளையெல்லாம் இக்கரையில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

"எதிரிங்க பழகின குரலை வச்சுத்தான் படகை அந்தப் பக்கம் இழுப்பானுங்க. எவனாவது போனா சுட்ருவேன்" என்றார் தளபதி. அவருக்கு ஊர் வேண்டும், ஊர்க்காரர்கள் வேண்டாம்.

ஒரு மத்தியானம் அக்கரையில் நியாஸ்மிராத்தின் தம்பி அல்லாபெர்தி வந்து நின்றான்.

"அண்ணே, படகு கொண்டா. பின்னாடியே எதிரிங்க குதிரையில வர்றானுங்க."

யோசிக்காமலே இவர் வாய் திறந்துவிட்டது. "வர்றேன்டா."

சாவி கேட்டுக் கோட்டைக்கு ஓடினார். காலைப் பிடித்துக் கெஞ்சினார். தளபதி டீயைக் குடித்து முடித்தார், சாவியைத் தரவில்லை. இவர் வெறுங்கையோடு கரைக்குத் திரும்பினார். அக்கரையில் இருபதடி தள்ளி நாணல் காடு, ஆள் உயரத்துக்கு மேல். அல்லாபெர்தி அதற்குள் போகவில்லை. எங்கள் படகையே பார்த்துக்கொண்டு நின்றான். குதிரைக்காரர்கள் வந்து அவனை வெட்டியதை நான் இங்கிருந்து பார்த்தேன்.

சண்டை ஓய்ந்து படகுகள் அவிழ்ந்தன. நியாஸ்மிராத் ஆட்களை ஏற்றினார், ஆனால் யாருக்கும் பதில் குரல் கொடுக்கவில்லை. "செவிட்டுப் பயலே" என்று திட்டிக்கொண்டே ஏறினார்கள்.

மூன்றாம் வருஷம் அல்லாபெர்தியின் மனைவி சோல்தான்பிபி அக்கரையிலிருந்து கூப்பிட்டாள். பிறந்த வீட்டிலிருந்து எங்கள் ஊருக்கே திரும்பி வந்துகொண்டிருந்தாள். நடு ஆற்றில் கேட்டாள்:

"அத்தான், நாணல் பக்கத்துலதானே இருந்துச்சு? ஏன் ஒளியாம நின்னாரு? மூணு வருஷமா மண்டைக்குள்ள அதேதான் ஓடுது."

இந்த மனுஷர் பொய் சொல்லிவிடக் கூடாதா என்று தவித்தேன்.

"வர்றேன்னு நான் சொன்னேம்மா. வர முடியாதுன்னு தெரிஞ்சப்புறம் ஓடுன்னு கத்தியிருக்கணும். கத்தல."

அவள் மூட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"படகைத் திருப்புங்க."

திருப்பினோம். ஏறிய இடத்திலேயே மூட்டையோடு இறங்கிப் போனாள்.

அன்றோடு அவர் துறைக்கு வருவதை நிறுத்திவிட்டார். இப்போது பதில் குரல் கொடுப்பது நான்தான். ஒவ்வொரு தடவையும் சங்கிலி அவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.